மூன்று கால் போதும்

நாய்க்கு அடிபட்டுக் காலையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் நம் வயதுக்காரர்கள் முதலில் கேட்பது, "அதுக்கப்புறம் எதுக்கு வச்சிருக்காங்க?" என்பதுதான். கேட்பவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்லர். நாம் வளர்ந்த காலத்து வழக்கம் அப்படி. கால் ஒடிந்த கன்றுக்குட்டிக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிப் பார்ப்பார்கள். நாய்க்கு அதுவும் கிடையாது. தானாகத் தேறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இன்று நம் பக்கத்து ஊர்களிலேயே இந்த அறுவை நடக்கிறது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் நாயை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வேலை முழுக்க வீட்டாருடையது. இந்த நிலைக்கு உலகம் எப்படி வந்து சேர்ந்தது, வீட்டார் செய்ய வேண்டியது என்ன என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூலிகைக்கு எட்டாத இடம்

விலங்குக்கு மருத்துவம் செய்யும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெட்டச் செய்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்கும் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. தம் ஆட்சிப் பகுதியில் மட்டுமல்லாமல் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் இலங்கையிலும்கூட என்று பட்டியல் போடுகிறது. மூலிகை இல்லாத இடங்களுக்கு அதைக் கொண்டுபோய் நடச் செய்ததாகவும் கூறுகிறது.

ஆனால் மூலிகைக்கு ஓர் எல்லை உண்டு. எலும்பு நொறுங்கி, சதை கிழிந்து, புரையோடத் தொடங்கிய காலை மூலிகையால் காப்பாற்ற முடியாது. அதை எடுத்தால்தான் உயிர் தங்கும். எடுப்பதற்கோ மூன்று தடைகள் இருந்தன: ரத்தப்போக்கு, வலி, சீழ். மனிதருக்கே இந்த மூன்றும் தீர நெடுங்காலம் ஆயிற்று.

தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிய கேப்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு நாயின் காலுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படுவது. 1837-ஆம் ஆண்டு, இங்கிலாந்து. அவருக்கு அப்போது 17 வயதுகூட நிறையவில்லை. ஊர்ப் பாதிரியாருடன் குதிரையில் போகும்போது, ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் சிதறி ஓடும் ஆடுகளைத் தனியாக மடக்க முடியாமல் திண்டாடுவதைப் பார்க்கிறார். நாய் எங்கே என்று விசாரித்தால், பையன்கள் கல்லெறிந்து அதன் காலை ஒடித்துவிட்டார்கள் என்கிறார் கிழவர். இனி அது எதற்கும் உதவாது, கயிற்றில் தொங்கவிட்டு முடித்துவிட வேண்டியதுதான் என்கிறார்.

கிழவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஏழை. வேலை செய்யாத நாய்க்குத் தீனி போட அவருக்குக் கட்டுப்படியாகாது. நாய் வலியில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் கயிறுதான் கருணை.

பாதிரியாருக்குக் கொஞ்சம் வைத்தியம் தெரியும். குடிசைக்குள் போய்த் தடவிப் பார்த்தவர், எலும்பு முறியவில்லை, பலத்த அடிபட்டு வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஃப்ளாரன்ஸ் வெந்நீர் போட்டு, துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தார். சில நாளில் கேப் என்ற அந்த நாய் மறுபடி ஆடுகளுக்குப் பின்னால் ஓடியது. நைட்டிங்கேலின் முதல் நோயாளி ஒரு நாய் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

கேப் பிழைத்தது, கால் உண்மையில் ஒடியாததால். எலும்பு நொறுங்கியிருந்தால் நைட்டிங்கேலாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. கயிறு ஆயத்தமாகத்தான் இருந்தது.

மூன்று தடைகள் விலகியது

ரத்தப்போக்குக்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் அம்ப்ருவாஸ் பாரே வழி காட்டினார். வெட்டிய இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதற்குப் பதில், ரத்தக்குழாயை நூலால் கட்டினார். வலிக்கு வழி பிறக்க மேலும் 300 ஆண்டுகள் ஆயின. 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கிக் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதர் மயக்கத்தில் ஒருவரின் காலைத் தொடையோடு எடுத்தார். அதுவரை லிஸ்டனின் பெருமையே அவருடைய வேகம்தான். நோயாளி விழித்திருந்து துடிக்கும்போது வேகம் ஒன்றே மருத்துவர் காட்டக்கூடிய இரக்கம்.

மூன்றாவது தடை சீழ். 1865-ல் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்த 11 வயதுப் பையனுக்கு, ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். சீழ் வைக்கவில்லை. அப்படிப்பட்ட காலை வெட்டுவதே அன்றைய வழக்கம். அந்தப் பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். 1928-ல் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டார். அது 1940களில் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்ததும், புண் புரையோடுவது பற்றிய பெரிய பயம் தணிந்தது.

இவையெல்லாம் மெல்ல மெல்லத்தான் விலங்கு மருத்துவத்துக்கும் வந்தன. வந்தபோதும் நாய் கடைசி வரிசையில்தான் நின்றது. 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கிடைத்தது, மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயை முன்னிட்டு. குதிரை படைக்கு வேண்டும், மாடு உழவுக்கும் பாலுக்கும் வேண்டும். நாய்க்கு யார் செலவு செய்வார்கள்?

இன்னொரு நம்பிக்கையும் குறுக்கே நின்றது. வலி இருந்தால்தான் விலங்கு அசையாமல் கிடக்கும், அசையாமல் கிடந்தால்தான் புண் ஆறும் என்று 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல மருத்துவர்கள் நினைத்தார்கள். அறுவையின்போது மயக்கம் கொடுப்பார்கள், அதற்குப் பின் வலிக்கு ஒன்றும் தர மாட்டார்கள். 1990களில் கார்ப்ரோஃபென் போன்று நாய்களுக்கென்றே வலி மருந்துகள் வந்த பிறகுதான் இந்த எண்ணம் தளர்ந்தது. இன்று அறுவைக்கு முன்பே வலி மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பங்கு

1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்குக் குடிபோன சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியை நம்மில் பலர் பார்த்திருப்போம். "வேப்பேரி ஆஸ்பத்திரி" என்றால் பழைய சென்னைவாசிகளுக்கு விளக்கம் தேவையில்லை.

சட்டத்திலும் நமக்குப் பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சிதான் 1960-ல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 1964-ல் விமானி கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைப் பதிவு செய்தார்கள். அடிபட்டுக் கிடக்கும் தெருநாயைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட ஓர் இடம் இருக்கிறது என்பதே அந்த நாளில் புதுச் செய்தி.

பதக்கம் வாங்கிய மூன்று கால்

மூன்று காலோடு ஒரு நாய் எப்படி வாழும் என்பதை உலகமே பார்த்தது லூக்கா மூலமாக. ஜெர்மன் ஷெப்பர்டும் பெல்ஜியன் மாலினாய்ஸும் கலந்த பெண் நாய். அமெரிக்கக் கடற்படைத் தரைப்பிரிவில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஆறு ஆண்டுகள், 400-க்கும் மேற்பட்ட பணிகளில் வெடிகுண்டுகளை மோப்பம் பிடித்துக் காட்டியது. அது முன்னே போன பணிகளில் கூடச் சென்ற வீரர் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

2012 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் பகுதியில் ஒரு குண்டைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டு மேலே தேடும்போது, இன்னொன்று அதன் அடியில் வெடித்தது. இடது முன்னங்கால் சிதைந்தது, நெஞ்சில் தீக்காயம். அதை நடத்திச் சென்ற ஹுவான் ரோட்ரிகெஸ் ஓடிப்போய், ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டித் தூக்கி வந்தார். கால் எடுக்கப்பட்டது. சிகிச்சை நாள் முழுக்க அவர் கூடவே இருந்தார். பத்தே நாளில் லூக்கா எழுந்து நடந்தது. ஓய்வு கொடுத்த பின் அதன் முதல் பயிற்சியாளர் கிறிஸ் வில்லிங்ஹாம் தம் குடும்பத்தோடு வைத்துக்கொண்டார்.

2016 ஏப்ரலில் லண்டனில் லூக்காவுக்கு டிக்கின் பதக்கம் அளித்தார்கள். போரில் தீரம் காட்டும் விலங்குகளுக்கென்று 1943-ல் தொடங்கப்பட்டது அது. தொடங்கியவர் மரியா டிக்கின். 1917-லேயே லண்டனின் ஏழைகள் வாழும் ஒயிட்சேப்பல் பகுதியில், ஒரு நிலவறையில், ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச மருத்துவம் தொடங்கிய பெண்மணி. கேப்பின் எஜமானரைப் போன்றவர்களுக்கு கயிற்றைத் தவிர வேறு வழி காட்டியவர் என்று அவரைச் சொல்லலாம். லூக்கா 2018 தொடக்கம் வரை வாழ்ந்தது. கால் போன பிறகு கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள்.

இத்தனைக்கும் லூக்கா இழந்தது முன்னங்கால். நாயின் எடையில் சுமார் 60 பங்கை முன்னங்கால்களும் 40 பங்கைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. ஆகவே முன்னங்கால் போனால் பழகக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும். பின்னங்கால் போனால் சீக்கிரம் தேறும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அப்படிப் பின்னங்கால் போன ஒரு நாயை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். என் தங்கை வீட்டு மணி. சரக்கு ஆட்டோ ஏறி இடது பின்னங்கால் எலும்பு தூளாகிவிட்டது. காலை எடுத்தால் பிழைக்கும் என்றார் மருத்துவர். மாப்பிள்ளைக்கு மனசு ஒப்பவில்லை. "மச்சான், ஓடித் திரிஞ்ச நாய். அது நொண்டறதைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாம்" என்றார். தங்கை என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணா, மணிக்கு வாழ வேணாம்னு யார் சொன்னா? இவருக்குப் பார்க்க முடியலை, அதான் விஷயம்" என்றாள். மறுநாள் அறுவை நடந்தது.

கட்டைப் பிரித்துப் பார்த்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. அடிபட்டது கணுக்காலுக்கு மேலே, எடுத்திருப்பதோ தொடையோடு. பாதிக் காலை விட்டுவைத்தால் நாய் அதை ஊன்றப் பார்க்கும், தரையில் இடித்து இடித்துப் புண்ணாகும், அதனால்தான் மேலே வரை எடுப்பது என்று மருத்துவர் விளக்கினார். இரண்டொரு நாளில் வயிற்றுப் பக்கம் ஊதா நிறமாகக் கன்றியது. ரத்தக்கட்டு கீழே இறங்குவதுதான், தானே மறையும் என்றார். தையல் வாயில் சீழ், நாற்றம், புது ரத்தம், தொடர்ந்து சாப்பிடாமை, சிறுநீர் கழியாமை, ஈறு வெளுத்துப்போதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே தூக்கி வரச் சொன்னார்.

முதல் இரண்டு இரவுகள் முனகல். மயக்க மருந்தும் வலி மருந்தும் தெளியும்போது அப்படி இருக்குமாம். மருத்துவர் தந்த மாத்திரையை மணி பார்த்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டார் நம் வீட்டு வலி மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார்கள். கூடவே கூடாது. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாயின் ஈரல், சிறுநீரகம், வயிறு இவற்றைக் கெடுக்கக்கூடியவை. மஞ்சள், வேப்பெண்ணெய் எதையும் தையல்மேல் தடவ வேண்டாம். குளிப்பாட்டவும் வேண்டாம். நக்கித் தையலைப் பிரித்துவிடாமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. பாவமாக இருக்கிறதென்று அதைக் கழற்றினால் அரை மணியில் தையல் போய்விடும்.

பெரிய எதிரி வீட்டுத் தரை. டைல்ஸில் மூன்று கால் வழுக்கும். வழுக்கி விழுந்தால் நாய்க்குப் பயம் பிடித்துக்கொள்ளும், எழுந்து நடக்கவே தயங்கும். தங்கை முதலில் கோணிச் சாக்கை விரித்தாள். சாக்கும் நாயும் சேர்ந்து வழுக்கின. பிறகு ரப்பர் பாய் வாங்கி, அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, வாசல் வரை, பாதை மாதிரி போட்டார்கள். நகத்தை வெட்டி, பாதத்துக்கு அடியில் வளர்ந்த முடியையும் கத்தரித்தார்கள். மாடிப்படியை ஒரு ட்ரங்குப் பெட்டி வைத்து அடைத்தார்கள்.

எழுப்பி நிறுத்தவும், வெளியே கூட்டிப்போகவும் மாப்பிள்ளையின் பழைய வேட்டி உதவியது. மடித்து வயிற்றுக்கு அடியில் தூளி மாதிரி கொடுத்து, பின்பாரத்தை மெல்லத் தாங்கிக்கொள்ள வேண்டும். தூக்கக் கூடாது, விழாமல் பிடித்தால் போதும். முன்னங்கால் போன நாய்க்கு நெஞ்சுவார் பூட்டி, முதுகுப் பக்கம் பிடிக்க வேண்டும். முதல் நாள் காம்பவுண்டுச் சுவர் ஓரம் மணி வழக்கப்படி வலது காலைத் தூக்கப் பார்த்தது. தூக்க இருந்ததே அந்த ஒரு கால்தான். உட்கார்ந்துவிட்டது. நான்கைந்து நாளில் சுவரில் சாய்ந்துகொண்டு காரியத்தை முடிக்கக் கற்றுக்கொண்டது. மலம் கழிய இரண்டு மூன்று நாளானது, வலி மருந்தினால் அது சகஜம்.

பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். அதுவரை கயிறில்லாமல் விடவில்லை, ஓட்டமும் தாவலும் இல்லை. அதன் பிறகு ஐந்து நிமிட நடை, பத்து நிமிடம் என்று மெல்லக் கூட்டினார்கள். அப்போது வந்த சிக்கல் வேறு. கால் போன நாய் என்று வருகிறவர்கள் எல்லாம் பிஸ்கட் நீட்டினார்கள். எடை ஏறினால் மீதி மூன்று கால் மூட்டுக்கும் கேடு. மாப்பிள்ளையே கடைசியில் பிஸ்கட் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒரு மாதத்தில் பால்காரர் மணியோசை கேட்டு நாய் கேட்டுக்கு ஓடியது. இல்லாத காலை நினைத்து அது ஒரு நாளும் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. சில நாய்களுக்கு இல்லாத காலில் வலிப்பது போல் திடீரென அலறல் வருவதுண்டு. அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் மருந்து இருக்கிறது.

எப்போது வேண்டாம்

எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. மற்றக் கால்களின் மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தாலோ, உடல் மிகப் பருத்திருந்தாலோ நின்று யோசிக்க வேண்டும். பெரிய சாதி நாய்களுக்கு எலும்புப் புற்றுநோய் வந்து கால் எடுப்பதுண்டு. அங்கே காலை எடுப்பது கொடிய வலியை நிறுத்தத்தான், பெரும்பாலும் நோய் அதோடு தீராது. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. ஊசி போட்டு அனுப்புவதே சரி என்ற நிலையும் உண்டு, அதில் குற்றம் இல்லை.

ஆனால் நம்மால் பார்க்க முடியவில்லை என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. 1837-ல் கயிறு எடுத்த கிழவருக்கு மயக்க மருந்து கிடையாது, கிருமிநாசினி கிடையாது, வலி மாத்திரை கிடையாது. நமக்கு எல்லாம் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மற்ற மூன்று கால் நன்றாக இருக்கிறதா? காலை எடுத்தால் வலி தீருமா? இரண்டு வாரம் வீட்டில் யாராவது கூடவே இருக்க வேண்டுமா? முதல் இரண்டுக்கும் அவர் ஆம் என்று சொல்லி, மூன்றாவதற்கு உங்கள் வீட்டில் ஆள் இருந்தால், ஒரு பழைய வேட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.